நின்றுபோன பிள்ளை திரும்பப் போக முடியுமா?

(அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை, வாசகர்களின் கல்விக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

பிளஸ் டூ முடித்தவர்கள் எந்தப் படிப்பில் சேரலாம் என்று முன்பு ஒரு இதழில் எழுதியிருந்தேன். இப்போது வருகிற கடிதங்களில் பாதி அதன் அடுத்த அத்தியாயம். "சேர்த்துவிட்டோம் மேடம், போக மாட்டேன் என்கிறான்." தீபாவளி முடிந்ததும் இந்தக் கடிதங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். பணியில் இருந்த காலத்திலும் முதல் வருஷ வருகைப் பதிவேட்டில் 'லாங் ஆப்சென்ட்' (நீண்ட நாளாக வராதவர்) என்று எழுத ஆரம்பிப்பது இந்த நாட்களில்தான். ஆகவே இந்த முறை வேறு கேள்வி எதுவும் எடுக்கவில்லை. வழக்கம்போல ஊர் மட்டும் போடுகிறேன், பெயர் இல்லை.

என் மகன் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவன். பி.எஸ்சி. வேதியியல். தீபாவளிக்கு லீவு விட்டார்கள், வந்தான், இரண்டு வாரம் ஆகியும் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். பணம்தான் பிரச்சினை என்றால் எப்படியாவது புரட்டிவிடுவேன். அவனிடம் எப்படிக் கேட்பது?
*ஒரு தாய், அரூர்*

அம்மா, 'ஏன்' என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்கு அவனிடமே முழுப் பதில் இருக்காது. இருந்தாலும் பெற்றவளிடம் சொல்ல வாய் வராது. வேறு மாதிரி கேளுங்கள். 'எந்த பீரியடு உனக்குக் கஷ்டம்? லேப் எந்தக் கிழமை? மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்?' இந்தக் கேள்விகளுக்குப் பையன்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் காரணம் தானாக வந்து விழும்.

மத்தியானச் சாப்பாட்டை நான் சும்மா கேட்கவில்லை. மூன்று நான்கு மாதம் ஆகியும் ஒரு பையனுக்குச் சேர்ந்து சாப்பிட ஆள் இல்லை என்றால், அவன் வகுப்பில் இருப்பதாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன். கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே முகங்களோடு படித்துவிட்டு வந்தவனுக்குப் புதிதாக ஒருவனோடு பழகுவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

லேப் கிழமையைக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, பஸ் பாஸும் இலவசம். அதனால் 'எல்லாம் இலவசம், இவனுக்கு என்ன குறை' என்று வீட்டில் நினைக்கிறோம். ஆனால் வேதியியல் பையனுக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும். ரெக்கார்டு நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, கால்குலேட்டர் வேண்டும். புத்தகம் வாங்காதவனுக்கு ஜெராக்ஸ் செலவு. ஒவ்வொன்றும் இருநூறு, முந்நூறுதான். ஆனால் அது எல்லாம் ஒரே மாதத்தில் வரும். 'கோட்டு இல்லாதவன் வெளியே நில்' என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வெளியே நின்ற பையன் அடுத்த வாரம் லேப் கிழமை மட்டும் வர மாட்டான். அதற்கடுத்த வாரம் லேபுக்கு முந்தின நாளும் வர மாட்டான். வீட்டில் கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அவன் கேட்டிருக்க மாட்டான். அப்பா கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து அலுத்து உட்கார்ந்திருக்கும்போது எந்த மகன் கோட்டுக்குக் காசு கேட்பான்?

அடுத்தது ஆங்கிலம். தமிழ்வழியில் நன்றாகப் படித்த பையன்களைத்தான் இது அதிகம் அடிக்கிறது. சுமாராகப் படித்தவனுக்கு வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பது பழகியிருக்கும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலை நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், அவன் கை அப்படி ஒரு நிதானம். பியூரெட்டின் குழாயைத் திருகி ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு, இளஞ்சிவப்பு வந்த அந்தச் சொட்டோடு நிறுத்துவான். மறுபடி செய்தாலும் அதே அளவுதான் வரும். வகுப்பில் பாதிப் பேர் நிறம் அடர்ந்து போன பிறகுதான் நிறுத்துவார்கள். அவ்வளவு சுத்தமாகச் செய்பவன், வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பான். அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான். உங்கள் மகன் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவனாக இருந்தால், முதல் இன்டர்னல் தேர்வில் என்ன வாங்கினான் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஐம்பதுக்குப் பன்னிரண்டு வாங்கியிருந்தால், அவன் வாழ்க்கையில் பார்த்த முதல் தோல்வி அதுவாக இருக்கலாம்.

இது எதுவுமே இல்லாமல் உடம்பில் காயம், சட்டைக் கிழிசல், போன் அடித்தால் நடுக்கம் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் விஷயம் வேறு. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. 1800 180 5522 என்ற தேசிய உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு வாரம் போகவில்லை, இனி உள்ளே விட மாட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். ஒரு செமஸ்டருக்குப் பொதுவாக 90 வேலை நாள். தேர்வு எழுத 75 சதவிகித வருகை வேண்டும், அதாவது 68 நாள் போயிருந்தால் போதும். 22 நாள் வரை விட்டிருந்தாலும் தேர்வு எழுதலாம். அதற்குக் கீழே 65 சதவிகிதம் வரை, காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்டினால் அனுமதி உண்டு. பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில், 50க்கும் 65க்கும் நடுவில் இருப்பவர்கள்கூட இந்தத் தேர்வை மட்டும் எழுத முடியாதே தவிர, அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்டதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். 50க்குக் கீழே போனால்தான் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு மாற்றம் இருக்கும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகன் இழந்தது பத்துப் பன்னிரண்டு வேலை நாள். தீபாவளிக்கு முன்னால் ஒழுங்காகப் போயிருந்தால் ஒன்றுமே கெட்டுப்போகவில்லை.

நாளைக்கே நீங்களும் கூடப் போங்கள். முதல்வர் அறைக்குப் போக வேண்டாம். வேதியியல் துறையில் முதலாம் ஆண்டு டியூட்டர் யார் என்று கேட்டு அவரைப் பாருங்கள். 'உடம்பு சரியில்லை, இனி வருவான்' என்று சொன்னால் போதும், கதை எதுவும் வேண்டாம். தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கிறானா என்று மறக்காமல் கேளுங்கள். கட்டாமல் விட்டிருந்தால் அபராதத்தோடு கட்ட நாள் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வுக் கட்டணம் கட்டாததை வீட்டில் சொல்லப் பயந்தே நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

எனக்குக் காலேஜில் மத்தியான ஷிஃப்ட். முடிந்து பஸ் ஸ்டாண்டு வந்தால் எங்கள் ஊர் பஸ் போயிருக்கும். அடுத்ததைப் பிடித்து, இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து வீடு போய்ச் சேர ராத்திரி எட்டரை. அண்ணன் தினமும் சண்டை. 'இந்த வருஷத்தோடு போதும்' என்று அப்பாவும் சொல்லிவிட்டார். நான் ஒழுங்காகப் படிக்கிறேன் மேடம்.
*ஒரு மாணவி, பென்னாகரம் வட்டம்*

கண்ணு, உன் படிப்புக்கு எதிரி உன் அண்ணன் இல்லை, பஸ் அட்டவணை. அண்ணனோடு சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதே.

இரண்டு வழி சொல்கிறேன். உன் பாடம் காலை ஷிஃப்டிலும் இருந்தால் ஷிஃப்ட் மாற்றம் கேட்டு மனு எழுது. பஸ் நேரத்தையும் ஊர்த் தூரத்தையும் அதில் எழுது. உருக்கமாக எழுத வேண்டாம், நேரம் போட்டு எழுது. தீபாவளிக்குப் பிறகு காலை ஷிஃப்டில் இடம் காலியாகும், அது எப்படிக் காலியாகிறது என்பதைத்தான் இந்த இதழ் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது, அரசு நடத்தும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதிகள். தங்க இடம், சாப்பாடு இரண்டும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பது விதி, அதுகூட மாணவிகளுக்குக் கிடையாது. வருஷ நடுவில் இடம் இல்லை என்று சொன்னால் மாவட்ட நல அலுவலகத்திலேயே போய்க் கேள். விடுதி என்றால் உன் அப்பா முதலில் முகம் சுளிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவரையே அழைத்துப் போய் விடுதியையும் காப்பாளரையும் காட்டு. பார்க்காத இடத்தைப் பற்றித்தான் அப்பாக்களுக்குப் பயம்.

உள்ளூர் பஸ் நேரத்தை அரை மணி தள்ளி வைக்கச் சொல்லி டிப்போ மேலாளருக்கு உன் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நடந்து பார்த்திருக்கிறேன்.

முதல் வருஷம் நின்றுபோகிறவர்களில் காதல் தோல்வியால் நிற்பவர்கள் எத்தனை சதவிகிதம்?
*ஒரு குறும்பர், ஈரோடு*

தோல்வியடைந்தவர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வருவார்கள், எதிரில் போய் உட்கார்ந்து முறைக்க வேண்டுமே. காதல் வெற்றி பெற்றால்தான் எனக்குக் கவலை. வீட்டுக்குத் தெரிந்த மறுநாள் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுவார்கள். பையன் மூன்று வருஷமும் படிப்பான்.

என் தங்கை மகள் பி.ஏ. முதல் வருஷம். ஓசூர்ப் பக்கம் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் பிளஸ் டூ முடித்த பெண்களை எடுக்கிறார்கள் என்று ஏஜென்ட் சொல்ல, கிளம்பிப் போய்விட்டாள். ஹாஸ்டல், சாப்பாடு, வேன் எல்லாம் கம்பெனி. மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். பி.ஏ. முடித்த பக்கத்து வீட்டுப் பையன் மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறான். அவள் செய்தது தப்பா?
*ஒரு வாசகர், பாலக்கோடு*

தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை ஐயா. தொடர்ந்து படிக்கும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது. நல்ல திட்டங்கள்தான். பஸ் இல்லாத ஊர்ப் பிள்ளைக்குக் கைச்செலவுக்கு அப்பா முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது பெரிய விஷயம். ஆனால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அது 36,000 ரூபாய். கம்பெனிக்காரன் அதைச் சில மாதத்தில் கொடுத்துவிடுகிறான். கடன் இருக்கும் வீட்டில் எந்தப் பக்கம் தராசு சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். இரண்டு விஷயம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஒன்று, அவளை வேலைக்கு வைத்திருப்பது கம்பெனியா, காண்ட்ராக்டரா? எத்தனை மாதத்துக்கு? என் பழைய மாணவிகள் பலர் இப்படிப் போனவர்கள். காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்தவுடன் கல்யாணம் பேசிவிடுகிறார்கள். கையில் பிளஸ் டூ மட்டும். அப்புறம் குரூப் 2 எழுத ஆசைப்பட்டால் பட்டம் கேட்பார்கள், வங்கித் தேர்வுக்குப் பட்டம் கேட்பார்கள், பி.எட். படிக்கப் பட்டம் வேண்டும். குரூப் 4க்கு மட்டும் பத்தாம் வகுப்பு போதும். பக்கத்து வீட்டுப் பையன் சும்மா இருப்பது பட்டத்தால் அல்லவே. அவன் எதை எழுதினான், எதற்குப் போனான் என்று விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேரச் சொல்லுங்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை உண்டு. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியிலேயே படிக்கலாம். பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்று வரிசையாகப் படித்திருந்தால் அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். வேறு எங்கே சேர்ந்தாலும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு படிப்பது சிரமம்தான். ஹாஸ்டல் அறையில் இருக்கும் ஆறு பெண்களில் இன்னொருத்தியும் சேர்ந்தால் சிரமம் பாதியாகும்.

நான் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என் முதலாம் ஆண்டு வகுப்பில் அறுபது பேரில் ஒன்பது பேர் வருவதில்லை. துறைத் தலைவரிடம் சொன்னேன். 'லாங் ஆப்சென்ட் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கம்மா' என்றார். நான் என்ன செய்ய முடியும்?
*ஒரு விரிவுரையாளர், திருவண்ணாமலை மாவட்டம்*

போன் செய்யுங்கள். இதைவிடப் பெரிய ஆலோசனை என்னிடம் இல்லை, இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நிரந்தர வேலை இல்லாத உங்கள் தலையில் கூடுதல் பாரம் ஏற்ற எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் எப்போது செய்வது, என்ன பேசுவது என்பதில் விஷயம் இருக்கிறது. தொடர்ந்து மூன்று நாள் வராதவனுக்கு மூன்றாம் நாள் சாயங்காலமே செய்துவிட வேண்டும். பத்து நாள் கழித்துச் செய்தால் அவன் வேலைக்குப் போயிருப்பான். பேக்கரியிலோ பனியன் கம்பெனியிலோ போர்வெல் வண்டியிலோ அட்வான்ஸ் வாங்கியிருப்பான். அப்புறம் அவன் நினைத்தாலும் வர முடியாது. அப்பா எண்ணுக்கு முதலில் போகாதீர்கள். காலேஜிலிருந்து போன் என்றாலே வீட்டில் அடி விழும். பையனோடு பஸ்ஸில் வருகிற இன்னொரு பையனைக் கேட்டு, அவன் சொந்த எண்ணை வாங்குங்கள். சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் எண் பல நேரம் கணினி மையத்துக்காரருடையதாக இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

எடுத்தால், 'ஏன் வரவில்லை' என்று கேட்காதீர்கள். 'திங்கட்கிழமை இந்தப் பாடம் நடத்தப் போகிறேன், முன் பெஞ்சில் இன்னாரோடு உட்கார், நோட்ஸ் அவனிடம் இருக்கிறது' என்று சொல்லுங்கள். வர வேண்டும் என்று அவனும் நினைத்துக்கொண்டுதான் இருப்பான். வாசலில் நுழைந்து, வகுப்புக்குள் காலெடுத்து வைத்து, அறுபது பேர் திரும்பிப் பார்க்க, 'யாருப்பா இது, புது அட்மிஷனா?' என்று யாராவது நக்கலடிக்க, அதைத் தாண்டிப் போய் எங்கே உட்காருவது? அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் ஒரு வருஷத்தை விடுகிறார்கள். காலேஜுக்கு என்று சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலேயே மாலை வரை இருந்துவிட்டு வீடு திரும்பும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் காலேஜை விட்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்? வாசல் வரைக்கும் தினமும் வருகிறார்களே. வந்த முதல் நாள் நக்கலடிப்பது மாணவர்கள் மட்டும் இல்லை, நம் ஆட்களும்தான். 'வாங்க சார், இப்பதான் வழி தெரிஞ்சுதா?' என்று ஓர் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அடுத்த நாள் காணாமல் போனவர்களை நான் அறிவேன்.

ஒன்பது பேரில் சிலர் பாலிடெக்னிக்குக்கோ நர்சிங்குக்கோ மாறிப் போயிருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் நிற்பவர்கள் அநேகமாக அப்படித்தான். அவர்களை விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களில் நீங்கள் கூப்பிட்டு இரண்டு பேர் வந்தால் அது நல்ல அறுவடை. துறைத் தலைவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவருக்கும் மேலே யாரும் இதைக் கேட்பதில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். மூன்றிலும் ஐந்து வருஷத்தில் 13,000க்கு மேற்பட்ட எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் படிப்பை விட்டார்கள் என்று 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். நம் தமிழ்நாடுதான் உயர்கல்விச் சேர்க்கையில் முன்னணியில் இருக்கிறதே, நமக்கு ஏன் இந்தக் கவலை?
*ஒரு வாசகர், சென்னை*

அந்தப் பதிலில் அமைச்சர் சொன்ன காரணம், மாணவர்களுக்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது, அவர்கள் விருப்பப்படி வேறு படிப்புக்கும் வேறு நிறுவனத்துக்கும் போகிறார்கள் என்பது. சிலர் அப்படிப் போயிருப்பார்கள். எல்லோரும் விருப்பப்பட்டுப் போனார்கள் என்று அவர்களிடம் யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

நம் பெருமைக்கு வருவோம். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47, நாட்டின் சராசரி 28.4. இது சாதாரணச் சாதனை இல்லை. என் தலைமுறையில் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் அது பதிவேட்டில் பெயர் இருப்பவர்களை 18 முதல் 23 வயது மக்கள்தொகையோடு ஒப்பிடும் கணக்கு. வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. லாங் ஆப்சென்ட் ஆனவனும் பெயர் அடிக்கப்படும் வரைக்கும் 47இல் ஒருவன். பிளஸ் டூ முடித்து எங்கேயும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்க நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்துகிறார்கள். மிக நல்ல காரியம். சேர்ந்து மூன்று மாதத்தில் நின்றவனுக்கும் அதே மாதிரி ஒரு முகாமை நவம்பரில் போடலாமே? பெயர், ஊர், எண் எல்லாம் கல்லூரி அலுவலகத்திலேயே இருக்கிறது.

என் மகள் ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். வேறு கல்லூரியில் சேர்க்கலாம் என்றால், 'மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள்.
*ஒரு தந்தை, ஆத்தூர்*

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018லேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. படிக்கப் போகிற செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ தவிர முன்கூட்டிக் கட்டணம் கேட்கவும் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளாவது முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும், சிறு தொகை மட்டும் பிடிக்கலாம். அந்தத் தேதி நெருங்கிவிட்டால் 90 சதவிகிதம். தேதி கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80, ஒரு மாதத்துக்குள் என்றால் 50, அதற்குப் பிறகு ஒன்றும் வராது என்பது அந்த அறிவிப்பில் இருக்கும் அளவு. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தேதி கொடுத்திருக்கிறது, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். சான்றிதழைக் கேட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பல இடங்களில் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியுங்கள். ஒரு பிள்ளை எந்தக் கல்லூரியிலும் இல்லாமல் ஒரு வருஷம் வீட்டில் இருக்கக் காரணம் ஒரு பீரோச் சாவி என்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

போன வருஷம் முதல் செமஸ்டரில் ஆறு பேப்பரில் நாலு அரியர். பிப்ரவரியில் ரிசல்ட் வந்த அன்றோடு காலேஜ் பக்கம் போகவில்லை. இப்போது திருப்பூரில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். திரும்பச் சேர முடியுமா? நாலு அரியரோடு இரண்டாம் வருஷம் விடுவார்களா?
*ஒரு தம்பி, திருப்பூர்*

முதலில் கடைசிக் கேள்வி. கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் அரியர் எண்ணிக்கைக்காக அடுத்த வருஷத்துக்குப் போவதைத் தடுப்பதில்லை. நாலு இருந்தாலும் ஆறு இருந்தாலும் போகலாம், நடுவில் எழுதிக்கொள்ளலாம். இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது ஒரு கொடுமை. இரண்டு பேப்பர் பாஸ் செய்திருக்கிறீர்களே, அது எந்த இரண்டு? தமிழும் இன்னொன்றும் என்றால் உங்கள் சிக்கல் பாடத்தில் இல்லை, மொழியில். தமிழ்வழிப் பிரிவு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இனி சேர்வது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் உங்கள் இடம் போய்விட்டது. அடுத்த கோடையில் அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் போட்டு முதலாம் ஆண்டில் புதிதாகச் சேர வேண்டும். வாங்காமல் இருந்தால் மறுசேர்க்கைக்கு வழி இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: நிற்கிற அவசரத்தில் டி.சி. வாங்காதீர்கள், வேறு இடத்தில் சேர்வது உறுதியானால் ஒழிய.

எப்போது சேர்வது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜூனில் போய் நிற்பார்கள், 'இப்போது முடியாது' என்று அனுப்பிவிடுவார்கள், அதோடு முடிந்தது. எந்த செமஸ்டரில் விட்டீர்களோ அந்த செமஸ்டரின் தொடக்கத்தில்தான் உள்ளே போக முடியும். நீங்கள் விட்டது இரண்டாம் செமஸ்டர் நடுவில். பிப்ரவரி வரைக்கும் போன நாட்களைக் கூட்டினால் 50 சதவிகிதம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் நுழைய வேண்டிய வாசல் வருகிற டிசம்பரில் திறக்கும். ஒருவேளை 50ஐத் தாண்டியிருந்தால் அடுத்த ஜூனில் நேரே மூன்றாம் செமஸ்டரையே கேட்கலாம். ஆகவே முதலில் உங்கள் வருகைச் சதவிகிதத்தை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். முதல்வர் பெயருக்கு மறுசேர்க்கை விண்ணப்பம், நின்ற காரணம், மதிப்பெண் பட்டியல் நகல், அடையாள அட்டை, இவ்வளவும் வேண்டியிருக்கும். அனுமதி மேலிடத்திலிருந்து வர வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். நடுவில் பாடத்திட்டம் மாறியிருந்தால் ஒன்றிரண்டு பேப்பர் கூடுதலாக எழுதச் சொல்வார்கள், திகைக்க வேண்டாம். உதவித்தொகை நின்றிருக்கும், அதைத் திரும்பத் தொடங்கவும் அன்றைக்கே மனுக் கொடுத்துவிடுங்கள்.

முதல் செமஸ்டருக்கு உங்களுக்கு வருகை முழுதாக இருப்பதால், அந்த நாலு அரியரை வேலை பார்த்துக்கொண்டேகூட எழுதலாம். இந்த நவம்பருக்குக் கட்டணத் தேதி போயிருக்கும், ஏப்ரலுக்குக் கட்டுங்கள்.

இந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு வந்து அலுவலகத்தையும் உங்கள் பழைய டியூட்டரையும் பாருங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரைக்கும் திருப்பூர் வேலையை விடாதீர்கள்.